கழற்றி மாட்டும் இயர்போன் கேபிள் பழுதானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆலயப் பாடகர் குழு, மேடையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கிகளை ஒதுக்கிவிட்டுக் காதுக்குள் செருகும் இயர்போன்களுக்கு மாறிய நாளிலிருந்து, பழுதான கேபிள்கள் ஒவ்வொன்றாகத் தக்கலையில் உள்ள என் வீட்டு மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். வந்தவர்களில் பலர் கேபிளை அறுத்த பிறகோ, பொருந்தாத கேபிளை வாங்கிய பிறகோதான் வந்தார்கள். எங்கே பழுது என்று கண்டறிவதற்கு இந்தப் பக்கத்தில் அதிக இடம் கொடுத்திருப்பதற்கு அதுவே காரணம்.

என்னுடைய இயர்போனின் கேபிள் கழலக்கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேபிள் இயர்போன் கூட்டுக்குள் நுழையும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே நகக்கண் நுழையும் அளவுக்கு ஒரு கோடு போன்ற இடைவெளி சுற்றிலும் தெரிந்தால் அது பெரும்பாலும் கழலக்கூடியது. கேபிளும் கூடும் ஒரே வார்ப்பாக ஒட்டியிருந்தால் கழலாது. ஒரே பெயரில் வரும் வரிசைகளிலும் இது மாறும்: மூன்டிராப் நிறுவனத்தின் முதல் சூ இயர்போனில் கேபிள் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது, சூ 2 மாடலில் கழலும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது கழல்கிறது என்பதற்காக உங்களுடையதை இழுத்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு பக்கம் கேட்கவில்லை. கேபிள்தான் பழுது என்று எப்படி உறுதி செய்வது?

கேபிளைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கழித்துவிட வேண்டும். முதலாவது, போன். இயர்போனை வேறொரு போனிலோ மடிக்கணினியிலோ செருகிப் பாருங்கள். சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் கிடக்கும் போனின் 3.5 மில்லிமீட்டர் துளைக்குள் நூல் தூசி அடைந்து, ஜாக் முழுவதுமாக உள்ளே போகாமல் நிற்பது மிகச் சாதாரணம். மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறினாலே ஒரு சிறு பஞ்சுருண்டை வெளியே வரும். இரண்டாவது, போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் இடது, வலது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்று உண்டு, அது தெரியாமல் நகர்ந்திருக்கலாம். மூன்றாவது, காதழுக்கு. ஒரு பக்கம் முழுவதும் நிற்காமல் சத்தம் குறைந்தும் மந்தமாகவும் கேட்டால், இயர்போனின் காதுக்குள் நுழையும் குழாய் முனையில் உள்ள வலை அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கேபிள் பொறுப்பாகாது.

இவை மூன்றும் சரியாக இருந்தால் அடுத்தது மாற்றிப் போடும் சோதனை. கேபிள் பிரிந்து போகும் இரு கைகளில் இடக்கையை வலது இயர்போனிலும், வலக்கையை இடது இயர்போனிலும் மாட்டுங்கள். காதுக்கு மேல் வளையும் கொக்கி இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும் என்பதால் அணிய முயலாமல் காதருகே பிடித்துக் கேட்டாலே போதும். முன்பு ஊமையாக இருந்த அதே இயர்போன் இப்போதும் ஊமையாக இருந்தால் பழுது இயர்போனில் இருக்கிறது, புதிய கேபிள் வாங்கிப் பயனில்லை. ஊமைத்தன்மை மற்ற இயர்போனுக்கு இடம் மாறினால் குற்றவாளி கேபிள். கேபிள் கழலக்கூடியதாக இருப்பதன் மிகப் பெரிய வசதியே இந்தச் சோதனைதான் என்பது என் எண்ணம். இரண்டு நிமிடம்கூட ஆகாத இதைச் செய்யாமல் மூன்று கேபிள்களை வரிசையாக வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும், கடைசியில் பழுது அவருடைய இயர்போனின் டிரைவரில் இருந்தது.

டிரைவர் என்பது பெரும்பாலான இயர்போன்களில் ஒரு மெல்லிய சவ்வும், அதில் ஒட்டிய கம்பிச் சுருளும், ஒரு நியோடைமியம் காந்தமும் சேர்ந்த அமைப்பு. (நியோடைமியம் அடங்கிய மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது என்பதை இளையவர்களிடம் சொன்னால் நம்பச் சற்று நேரமெடுக்கிறார்கள்.) அந்தச் சுருள் அறுந்தால் வீட்டு மேசையில் சரிசெய்ய முடியாது.

இரண்டு பக்கமும் கேட்கிறது, ஆனால் பாடகரின் குரல் மட்டும் மறைந்துவிட்டது. இது என்ன விந்தை?

இது கேபிளின் தரைக் கம்பி (இரு பக்கத்து மின்னோட்டமும் திரும்பும் பொதுக் கம்பி) அறுந்ததற்கான அடையாளம். என்னிடம் வரும் பழுதுகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனெனில் காதால் கேட்டே அறுந்த இடத்தைச் சொல்லிவிடலாம். சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் நுனி இடது ஒலியையும், நடு வளையம் வலது ஒலியையும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழியையும் சுமக்கின்றன. அந்தப் பொது வழி ஜாக்கின் அருகே அறுந்துவிட்டால், மின்னோட்டம் இடது டிரைவர் வழியாகப் போய் வலது டிரைவர் வழியாகத் திரும்பத் தொடங்கும். அப்போது இரண்டு டிரைவர்களுக்கும் கிடைப்பது இடது ஒலிக்கும் வலது ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே.

பாடல் பதிவுகளில் பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கமும் சம அளவில் வைக்கப்படுவதால் அது கழிந்து மறைந்துபோகிறது. பக்கவாட்டில் வைக்கப்பட்ட வயலினும் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மிஞ்சுகின்றன. ஜாக் முழுதாகச் செருகப்படாதபோதும் இதே விளைவு ஏற்படும், எனவே முதலில் அழுத்திச் செருகிப் பாருங்கள். மைக் உள்ள நான்கு தொடர்பு ஜாக்குகளில் தரைக்கும் மைக்குக்கும் உரிய இடங்களை மாற்றி வைக்கும் ஒரு பழைய முறையும் உண்டு. அத்தகைய கேபிளை இன்றைய போனில் செருகினாலும் குரல் மறையும், மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்தால் அறுபட்டது எதுவும் இல்லை, கேபிளும் போனும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே பொருள்.

மல்டிமீட்டர் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

இயர்போன்களைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், விலை குறைந்த மீட்டர்களில் அரை ஓம் வரைகூடக் காட்டும். ஜாக்கின் நுனிக்கும் கேபிளின் இடது முனைக்கும் இடையே அளந்து, குறித்த எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது பொதுவாக ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். எண் வராமல் திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால் கம்பி அறுந்திருக்கிறது. எண் வந்து, கேபிளை ஓரிடத்தில் வளைக்கும்போது மட்டும் துள்ளினால் அந்த இடத்தில் சில இழைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அளக்கும்போது எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் உள்ளே கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எம்எம்சிஎக்ஸ் எனப்படும் வட்டமான இணைப்பு வகையில் நடுமுனை ஒலிக்கும் வெளிவட்டம் தரைக்கும் உரியவை.

இயர்போனை மாட்டியபடியே அளந்தால் டிரைவரின் மின்தடையும் சேர்ந்து 16, 32 என்பதுபோன்ற எண் வரும், மெல்லிய டிக் சத்தமும் கேட்கும். அந்த நேரத்தில் இயர்போனைக் காதில் வைத்திருக்க வேண்டாம்.

கேபிள் எந்த இடத்தில் அதிகம் அறுகிறது?

பெரும்பாலும் கெட்டியான பகுதியும் மென்மையான பகுதியும் சந்திக்கும் விளிம்புகளில்தான்: ஜாக்கை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டர், கேபிள் இரண்டாகப் பிரியும் கவட்டின் மேல்பகுதி, இயர்போனை ஒட்டிய கழுத்து. வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழுவதால் அங்குள்ள செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. உறை மேலுக்கு நன்றாகவே இருக்கும், உள்ளே பாதி இழைகள் போயிருக்கும். போனைச் சட்டைப் பையில் தலைகீழாக வைத்துக்கொண்டு பேருந்தில் வடசேரி வரை நின்றபடி பயணம் செய்பவரின் ஜாக் ஓரம் முதலில் போவதும், மேடையில் தலையைத் திருப்பித் திருப்பிக் கீபோர்டு வாசிப்பவரின் கழுத்துப் பகுதி முதலில் போவதும் இதனால்தான்.

வெளிப்படையான உறைக்குள் இருந்த கம்பி பச்சையாக மாறிவிட்டது. கெட்டுவிட்டதா?

செம்பு காற்றின் ஈரத்தோடும் வியர்வையில் உள்ள குளோரைடோடும் வினைபுரிவதால் வரும் களிம்பு அது. வீட்டில் புளி போட்டுத் துலக்காத செம்புப் பாத்திரத்தில் படிவதன் நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் நம்முடையது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இங்கே அது விரைவாகவே வரும், குறிப்பாகக் காதின் பின்புறம் தோலைத் தொடும் பகுதியில்.

இழைகளின் மேற்பரப்பு பச்சையானதால் மட்டும் ஒலி மாறாது. நீளவாக்கில் மின்னோட்டம் செல்ல உள்ளே வேண்டிய அளவு செம்பு இருக்கிறது. கவலைப்பட வேண்டிய இடங்கள் முனைகள். சால்டரிங் செய்த மூட்டுக்குள்ளும், முலாம் தேய்ந்த பின்களிலும் களிம்பு ஏறினால் கரகரப்பு தொடங்கும். சில கேபிள்களில் இழைகளுக்கு முதலிலிருந்தே பச்சை எனாமல் பூச்சு இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சீரான பச்சையாக இருந்தால் அது பூச்சு, காதோரத்தில் அடர்ந்து கீழே மங்கினால் அது களிம்பு.

அசைத்தால் கரகரக்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

முதலில் துடையுங்கள். மொபைல் பழுதுபார்ப்பவர்கள் ஐபிஏ என்று அழைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டு, பிழிந்து, கேபிளின் பின்களையும் இயர்போனின் சாக்கெட் வாயையும் துடைத்துவிட்டுச் சில நிமிடம் உலர விடுங்கள். சாக்கெட்டுக்குள் ஊற்றக் கூடாது. கைகழுவும் சானிடைசரில் கிளிசரினும் தண்ணீரும் இருப்பதால் அது உதவாது. கதவுக்கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே கண்டிப்பாக வேண்டாம்.

துடைத்தும் கரகரப்பு நிற்காவிட்டால் இணைப்பு வகையைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டும். எம்எம்சிஎக்ஸ் என்பது ரேடியோக் கருவிகளுக்காக உருவான வட்டமான சொடுக்கு இணைப்பு, மாட்டிய பிறகும் சுழலக்கூடியது. அந்தச் சுழற்சியே அதன் வசதி, அதன் நோயும் அதுவே. கேபிள் பக்கத்தில் உள்ள வெட்டு வளையம் தளர்ந்துவிட்டால் தொடர்பு விட்டுவிட்டு வரும். வளையம் கேபிளில் இருப்பதால் புதிய கேபிள் மாட்டியதும் பல நேரங்களில் நோய் தீர்ந்துவிடுகிறது. இரண்டு மெல்லிய பின்களால் செருகப்படும் டூ பின் வகையில் நிலைமை நேர்மாறானது. அங்கே தளர்வது இயர்போன் பக்கத்துச் சாக்கெட், எனவே புதிய கேபிளாலும் தீராமல் போகலாம். பின்களைச் சிறிது அகட்டி இறுக்குவது சில வாரங்களுக்கு உதவும். ஆனால் அது சாக்கெட்டை மேலும் விரிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

கழற்றும்போது ஏதாவது முறை உண்டா?

உண்டு. கேபிளைப் பிடித்து இழுக்காமல், முனையின் கெட்டியான பகுதியைப் பிடித்து நேராக வெளியே எடுக்க வேண்டும். டூ பின் வகையைத் திருகினால் பின் வளையும். எம்எம்சிஎக்ஸ் இறுக்கமாக இருந்தால் இடைவெளியில் நகத்தை நுழைத்து நெம்பலாம், கத்தி வேண்டாம். மேலும், காரணமில்லாமல் தினமும் கழற்றி மாட்டாதீர்கள். ரேடியோத் துறையில் எம்எம்சிஎக்ஸ் இணைப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 500 முறை மாட்டிக் கழற்றுவது, தினம் ஒருமுறை என்றால் ஒன்றரை ஆண்டுகூட வராது.

பின் வளைந்துவிட்டது. நிமிர்த்தலாமா?

ஒருமுறை நிமிர்த்தலாம். 0.9 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, அதன் உலோக முனையைப் பின்னின் மேல் செருகி மெதுவாக நேராக்குங்கள். குறடால் பிடித்தால் முலாம் உரியும். இரண்டாம் முறை அதே பின் வளைந்தால் அது முறியும் நேரம் வந்துவிட்டது என்று கொண்டு கேபிளை மாற்றுவது நல்லது. ஏனெனில் பின் சாக்கெட்டுக்குள் முறிந்து நின்றுவிட்டால், சில நூறு ரூபாய்ச் செலவு இயர்போனையே இழக்கும் செலவாகிவிடும். முறிந்த துண்டு சிறிதாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூர்முனை இடுக்கியால் எடுக்கலாம். மட்டமாக உள்ளே நின்றால் ஊக்கால் குத்தி இன்னும் ஆழத்துக்குத் தள்ளாமல், நுண்வேலை தெரிந்த தொழில்நுட்பரிடம் கொடுங்கள். பிசினில் வார்த்த கூடுகளை உடைக்காமல் திறக்க முடியாது என்பதால் அவராலும் எப்போதும் முடிவதில்லை.

புதிய கேபிள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இணைப்பின் பெயரையும், அதன் வடிவத்தையும், அந்த வரிசையிலேயே. பெயர் ஒன்றாக இருந்து வடிவம் பொருந்தாமல் போவதுதான் இந்தத் துறையின் பெரிய தொல்லை.

டூ பின் வகையில் 0.78 மில்லிமீட்டர், 0.75 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன்கள் புழங்குகின்றன. மூன்டிராப் சூ 2 போன்றவற்றுக்கு 0.78. கேஇசட், சிசிஏ நிறுவனங்களின் பல மாடல்களில் சாக்கெட் கூட்டிலிருந்து சிறு மேடைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு, அந்த மேடையைத் தொப்பிபோல் மூடிக்கொள்ளும் 0.75 கேபிள் வேண்டும். தொப்பி இல்லாத கேபிளை அதில் மாட்டினால் பாடும், ஆனால் பின்கள் வெட்டவெளியில் ஆதரவின்றி நின்று விரைவில் வளையும். தொப்பி உள்ள கேபிளைத் தட்டையான சாக்கெட்டில் மாட்டவே முடியாது. 0.78 பின்னை 0.75 துளைக்குள் அழுத்தினால் துளை விரிந்து, பிறகு பழைய கேபிள் தொளதொளவென்று ஆகிவிடும்.

எம்எம்சிஎக்ஸ் வகை ஒன்றே என்று நினைத்தால் அங்கேயும் பொறி இருக்கிறது. ஷூர் எஸ்இ215 போன்றவற்றில் சாதாரண எம்எம்சிஎக்ஸ் கேபிள் பொருந்தும். சென்ஹைசரின் ஐஇ 300, ஐஇ 600, ஐஇ 900 மாடல்களில் சாக்கெட் கூட்டுக்குள் பள்ளமாக அமைந்திருப்பதால், முனை தடித்த பொதுக் கேபிள்கள் அடிவரை போகாமல் நிற்கும். ஆடியோ-டெக்னிக்காவின் ஏ2டிசி பார்வைக்கு எம்எம்சிஎக்ஸ் போலவே இருந்தாலும் முற்றிலும் வேறு இணைப்பு. நானே ஒருமுறை படத்தை மட்டும் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்கி, விற்றவர் திரும்ப எடுக்க மறுத்ததால், அந்தக் கேபிளை இன்றும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

நேரில் வாங்க நினைத்தால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள மொபைல் உதிரிபாகக் கடைகளில் சால்டரிங் பொருள்களும் ஜாக்குகளும் கிடைக்கும். கழற்றி மாட்டும் கேபிளுக்கோ பெரும்பாலும் இணையத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. எதுவாயினும், உங்கள் மாடலின் பெயரைக் குறிப்பிட்டு இது பொருந்தும் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். மைக் வேண்டுமா, நீளம் வழக்கமான 1.2 மீட்டர் போதுமா என்பனவற்றையும் அப்போதே முடிவு செய்யலாம். இடுப்பில் ரிசீவரைச் செருகிக்கொள்ளும் மேடைப் பாடகர்களில் உயரமானவர்களுக்கு 1.2 மீட்டர் சற்று இழுக்கும்.

டூ பின் கேபிளை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் பாடுகிறதே. அப்படியானால் திசை முக்கியமில்லையா?

பாடும், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால் இரண்டு டிரைவர்களும் எதிரெதிராக அசையும். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பாஸ் மெலிந்து, பாடகர் தலையின் நடுவில் நிற்காமல் எங்கோ இரு பக்கமும் சிதறியதுபோலத் தோன்றும். இதைக் கேபிள் மட்டம் என்று எண்ணித் திருப்பி அனுப்புபவர்கள் பலர். காதைச் சுற்றும் கொக்கி இயல்பாகக் காதின் பின்னே வளைந்து இறங்கும் நிலையில் மாட்டினால் பெரும்பாலும் திசை சரியாக இருக்கும். சிவப்புக் குறி வலப்பக்கத்துக்கு உரியது. இரு பக்கமும் ஒரே மாதிரி மாட்டப்பட்டிருப்பதுதான் முக்கியம், இரண்டுமே தலைகீழ் என்றால் காதுக்கு வித்தியாசம் தெரிவது அரிது.

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு கேபிள் வாங்கலாமா?

உங்கள் கருவியில் அந்தத் துளை இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். அதில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் திரும்பு வழிகள் உண்டு. 4.4 கேபிளை மாற்றுமுனை வழியாகச் சாதாரண 3.5 துளையில் செருகுவதில் ஆபத்து இல்லை. மறுபுறமாக, 3.5 கேபிளை மாற்றுமுனை வழியாக 4.4 துளையில் செருகக் கூடாது. பொதுத் தரை அந்த இரண்டு தனி வழிகளையும் குறுக்கே இணைத்து ஆம்ப்ளிஃபையரைக் கெடுக்கக்கூடும்.

மழையில் நனைந்துவிட்டது, அல்லது கடல்நீர் பட்டுவிட்டது. என்ன செய்வது?

உடனே போனிலிருந்து எடுத்து, கேபிளையும் இயர்போனையும் பிரித்து வையுங்கள். மழைநீர் என்றால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்தால் போதும். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம், அரிசிமாவுத் தூசி வலைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். கடல்நீர் என்றால் அவசரம் அதிகம். உப்பு உலர்ந்து படிகமானால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அரிப்பைத் தொடர்ந்து நடத்தும். எனவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேபிள் முனைகளைத் துடைத்து, பிறகு ஐபிஏ தொட்டுத் துடைத்து, அதன் பின்னரே உலர வையுங்கள்.

அறுந்த கேபிளை நானே சால்டரிங் செய்ய முடியுமா?

உத்தரவாதக் காலம் முடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வெட்டிய கேபிளை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். பழுது ஜாக்கின் ஓரத்தில் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், பற்றவைக்கும் ஈயம், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிளக்ஸ், சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், திருகி மூடும் உலோக ஜாக் ஒன்று ஆகியவை போதும்.

அறுந்த இடத்துக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுக் கம்பி நல்ல செம்பு நிறத்தில் இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். அடுத்து, ஜாக்கின் மூடியையும் ஸ்லீவையும் கேபிளில் முதலிலேயே கோத்துவிடுங்கள். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேசைமேல் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்காத சால்டரிங்காரர் இல்லை. உறையை உரித்ததும் பல நிற இழைகள் தெரியும். பெரும்பாலும் சிவப்பு வலதுக்கும், பச்சை அல்லது நீலம் இடதுக்கும், செம்பு நிறம் தரைக்கும் உரியவை. ஆனாலும் மீட்டரால் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

இந்த நிறங்கள் எனாமல் பூச்சு. பூச்சு போகாமல் ஈயம் ஒட்டாது, புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அயர்னின் முனையில் சிறு ஈய உருண்டையை நிறுத்தி, பிளக்ஸ் தடவிய இழைநுனியை அதற்குள் சில விநாடிகள் அமிழ்த்திப் பிடித்தால் பூச்சு பொரிந்து புகைந்து, ஈயம் வெள்ளியாகப் படரும். தீப்பெட்டியாலோ லைட்டராலோ எரித்தால் கரி படிந்து வேலை கெடும். பிறகு நுனிக்கு இடது, வளையத்துக்கு வலது, அடிக்கு இரண்டு தரைகளும் என்று வையுங்கள். இழைகளோடு கூட வரும் நூல் கற்றை இழுவிசையைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது. அதை வெட்டி எறியாமல் முடிச்சிட்டு ஜாக்கின் கவ்விக்குள் அகப்படுத்துங்கள். மூடியைத் திருகுவதற்கு முன்பே ஒரு பாடலைக் கேட்டுச் சோதியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிந்ததும் கையைக் கழுவுங்கள், சாதாரண ஈயப்பற்றில் காரீயம் இருக்கிறது.

கேபிளின் மேல்முனை, அதாவது இயர்போனை ஒட்டிய பகுதி அறுந்திருந்தால் என் பதில் வேறு. அங்கே வார்த்த முனையைப் பிளந்து, மிகச் சிறிய பின்னில் பற்றவைத்து, மீண்டும் மூட வேண்டும். செலவாகும் நேரத்துக்கு அது ஈடாகாது என்பதால் புதிய கேபிளே வாங்குங்கள். டைப்-சி முனை உள்ள கேபிளில் அந்த முனைக்குள்ளேயே ஒலியாக மாற்றும் சிப் இருப்பதால், அதற்குப் பதிலாக வெறும் முனையைப் பற்றவைக்க முடியாது.

உடனே ஒட்டும் பசை போட்டு வெடிப்பை அடைக்கலாமா?

வேண்டாம். நீர்போல ஓடும் அந்தப் பசை இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போய்க் கெட்டியாகி, வளையக்கூடிய கேபிளை ஒரு குச்சியாக மாற்றிவிடும். பிறகு குச்சி முடியும் இடத்தில் அறும். உறை மட்டும் வெடித்திருந்தால் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடலாம். ஸ்லீவ் நுழையாத இடமானால் இன்சுலேஷன் டேப் தற்காலிகமாக உதவும், நம் ஊர் வெக்கையில் அதன் பசை சில வாரங்களில் உருகிக் கையில் ஒட்டும்.

விலையுயர்ந்த வெள்ளிக் கேபிள் மாட்டினால் ஒலி மேம்படுமா?

வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் மட்டுமே சிறந்த மின்கடத்தி. 28 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், 1.2 மீட்டர் கேபிளில் போக வரச் சேர்த்து அரை ஓம். 16 ஓம் இயர்போனில் அந்த அரை ஓம் முழுவதையும் நீக்கினாலும் ஒலியளவு கால் டெசிபல் அளவுக்கே கூடும். மின்தடை ஒலியதிர்வுக்கேற்ப மிகவும் ஏறி இறங்கும் சில பல-டிரைவர் இயர்போன்களில் தொனி சிறிது மாறலாம். மற்றபடி மென்மை, சிக்காத தன்மை, அழகு இவற்றுக்காக வாங்குங்கள். அவையும் நியாயமான காரணங்கள்தாம். அதே பணத்துக்கு இரண்டு சாதாரணக் கேபிள்கள் வாங்கி ஒன்றை மேடைப் பையில் உபரியாகப் போட்டுவைப்பவரையே நான் புத்திசாலி என்பேன். திருவிழா மேடையில் நடுப்பாடலில் ஒரு காது போனால் அந்த உபரிக்கு விலை சொல்ல முடியாது.

பயன்படுத்திய பின் எப்படி வைப்பது?

காதோரத்தையும் முனைகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, நான்கு விரல் அகலத்தில் தளர்வாகச் சுருட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்ட டப்பாவில் வையுங்கள். போனைச் சுற்றி இறுக்கிச் சுற்ற வேண்டாம். நிறம் மாறும் வகைப் பொட்டலமாக இருந்தால், நீலம் இளஞ்சிவப்பானதும் வெயிலிலோ மெல்லிய சூட்டிலோ உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

பழைய கேபிளை என்ன செய்வது?

ஒரு கை மட்டும் போயிருந்தால் நல்ல கையின் முனையையும் ஜாக்கையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பழுதுக்கு உதவும். மீதியை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். செம்பு எடுப்பதற்காகவோ, முற்றத்தில் பெருக்கிய தென்னை ஓலையோடு சேர்த்தோ எரித்துவிடாதீர்கள். பல கேபிள்களின் உறை பிவிசி, எரியும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் வெளிவரும்.